தீனித் தட்டில் நான்கு பருவங்கள்

உண்பதற்கு முன் காக்கைக்கு ஒரு பிடி சோறு வைப்பது நம் நாட்டு இல்லங்களில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். இதனைப் போன்ற வேறொரு வழக்கம் வட அமெரிக்காவில் உண்டு. அங்கே இலட்சக்கணக்கான குடும்பத்தினர் தம் வீட்டுத் தோட்டத்தில் ஒரு கம்பத்திலோ மரக்கிளையிலோ தீனித் தட்டைத் தொங்கவிடுகின்றனர். சூரியகாந்தி விதை, சிறுதானியம், மாட்டுக் கொழுப்பு ஆகியவற்றை அதில் இட்டுவிட்டு, சன்னலருகே அமர்ந்து பறவைகளின் வருகையைக் கவனிக்கின்றனர். இஃது ஓய்வு நேரப் பொழுதுபோக்கு என்றே முதலில் தோன்றும். ஆயின், கண்டதை நாள்தோறும் குறித்து வைப்பவர்க்கு அத்தட்டு பருவங்களைக் காட்டும் பஞ்சாங்கமாகிறது. பறவைகளுக்கு நேரும் தீங்கையும் அது காட்டிக்கொடுப்பதுண்டு. இவ்விரண்டும் எவ்வாறு நிகழ்கின்றன என்பதைக் காண்போம்.

அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூயார்க் மாநிலத்துத் தோட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அக்டோபர் மாதத்தில் மேப்பிள் மரங்களின் இலைகள் சிவந்து உதிரும் காலத்தில், வடக்கே உள்ள காடுகளிலிருந்து ஜங்கோ என்னும் சாம்பல் நிறக் குருவிகள் வந்து சேர்கின்றன. அவை பெரும்பாலும் தட்டில் அமர்வதில்லை. அதிலிருந்து சிந்தும் விதைகளைத் தரையில் பொறுக்கித் தின்கின்றன. கோடையில் மஞ்சளாக ஒளிவீசிய கோல்டுபிஞ்சு என்னும் பொன்னிறச் சிட்டின் ஆண், இப்போது இறகு உதிர்த்து மங்கிய பழுப்பு நிறம் கொள்கிறது. புதிதாகக் காண்பவர் அதனை வேறொரு பறவை என்றே எண்ணுவர்.

ஆண்டு முழுவதும் ஊரை விட்டு நீங்காத பறவை சிக்கடி. தன் குரலொலியாலேயே பெயர் பெற்ற இச்சிறு பறவைக்குக் கருந்தலையும் வெண்கன்னமும் உண்டு. எடை ஏறத்தாழ 11 கிராம். இது தட்டிலேயே தங்கி உண்பதில்லை. ஒரு விதையைக் கவ்விக்கொண்டு பறந்துவிடும். சில நிமிடங்களில் மீண்டும் வந்து இன்னொன்றை எடுக்கும். அவ்வளவையும் அப்போதே தின்றுவிடுவதில்லை. மரப்பட்டையின் இடுக்கில் ஒன்று, பாசியின் அடியில் ஒன்று என வெவ்வேறு இடங்களில் ஒளித்து வைக்கிறது. பல நாட்கள் கழிந்த பின்னும் அவ்விடங்களை நினைவுகூர்ந்து சென்று எடுத்து உண்கிறது. இத்தகைய இட நினைவுக்கு உதவும் மூளைப் பகுதி, உணவைச் சேமிக்கும் பறவைகளில் பெரிதாக அமைந்திருப்பதை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர்.

குளிர்காலத்தில் அங்கே பகல் ஒன்பது மணி நேரமே. இரவோ பதினைந்து மணி நேரம். நீர் உறைந்து, நிலம் பனியால் மூடப்பட்டிருக்கும். பதினோரு கிராம் எடையுள்ள உயிர் இத்தகைய இரவை எவ்வாறு கடக்கிறது? பகலில் உண்ட உணவைக் கொழுப்பாக மாற்றி, இரவில் அதனையே எரித்து வெப்பம் பெறுகிறது. அதுவும் போதாதபோது, தன் உடல் வெப்பநிலையைப் பகலில் இருந்ததைவிடச் சுமார் 10 பாகை செல்சியசு வரை தாழ்த்திக்கொள்கிறது. ஆதலின் விடியற்காலையில் கிடைக்கும் முதற்சில விதைகள் அதற்கு உயிர்காக்கும் உணவாகும்.

மனிதர் இடும் உணவு பறவைகளைச் சோம்பேறிகளாக்கிவிடாதா என்று சிலர் வினவுவதுண்டு. விஸ்கான்சின் மாநிலத்தில் மார்கரெட் பிரிட்டிங்ஹாம், ஸ்டான்லி டெம்பிள் என்னும் இருவர் இதனை ஆராய்ந்தனர். தீனித் தட்டுள்ள இடங்களில் வாழ்ந்த சிக்கடிகளில் நூற்றுக்கு 69 குளிர்காலத்தைக் கடந்து உயிர்வாழ்ந்தன. தட்டில்லாத இடங்களில் 37 மட்டுமே எஞ்சின. இம்முடிவு 1988-ஆம் ஆண்டில் வெளிவந்தது. பின்னர், 25 ஆண்டுகள் உணவிட்டு வந்த ஓரிடத்தில் தட்டுகளை அகற்றிப் பார்த்தனர். அங்கிருந்த சிக்கடிகள், என்றும் தட்டையே அறியாத சிக்கடிகளுக்கு இணையாகவே உயிர்பிழைத்தன. அவை இயற்கையில் இரை தேடும் திறனை இழந்துவிடவில்லை என்பது தெளிவாயிற்று.

வசந்தம் வந்ததும் தட்டில் கூட்டம் குறைகிறது. ஜங்கோக்கள் வடக்கே திரும்புகின்றன. பொன்னிறச் சிட்டுகளின் மேல் மஞ்சள் இறகுகள் திட்டுத்திட்டாக முளைக்கின்றன. சிக்கடிகள் உளுத்த மரத்தில் பொந்து குடைந்து முட்டையிடுகின்றன. குஞ்சுகளுக்கு விதையை ஊட்டாமல் புழுக்களையே ஊட்டுகின்றன. மே மாதத்தில் மாணிக்கக் கழுத்து ஹம்மிங் பறவை வருகிறது. அதற்கெனச் சிலர் ஒரு பங்கு சர்க்கரைக்கு நான்கு பங்கு நீர் கலந்து தொங்கவிடுகின்றனர். செப்டம்பரில் அது மெக்சிகோவுக்கும் மத்திய அமெரிக்காவுக்கும் பறந்து செல்ல, மீண்டும் ஜங்கோவின் காலம் நெருங்குகிறது.

இனி, தட்டினால் விளையும் தீங்கைப் பார்ப்போம். அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்கு உரியது ஹவுஸ் பிஞ்சு என்னும் செம்மார்புச் சிட்டு. சட்டத்துக்கு மாறாகக் கூண்டுப் பறவையாக நியூயார்க்கில் விற்கப்பட்ட சில சிட்டுகள் 1940-ஆம் ஆண்டில் வெளியே விடப்பட்டன. அவற்றின் வழித்தோன்றல்கள் கிழக்குப் பகுதி எங்கும் பரவின. 1994-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வாஷிங்டன் நகரைச் சூழ்ந்த பகுதியில், தட்டுகளைக் கவனித்து வந்த மக்கள் ஒன்றைக் கண்டனர். இச்சிட்டுகள் சிலவற்றின் கண்கள் வீங்கி, நீர் வடிந்து, மூடிக்கிடந்தன. பார்வை இழந்த பறவை இரை தேட மாட்டாது மடியும். கோழிகளைத் தாக்கும் நுண்ணுயிரி ஒன்றே இந்நோய்க்குக் காரணம் என்பது கண்டறியப்பட்டது. நோயுற்ற பறவை தலையை நுழைத்து உண்ட துளையிலேயே அடுத்த பறவையும் தலையை நுழைக்கிறது. நோய் அவ்வாறு தொற்றுகிறது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்குள் அது கிழக்கு அமெரிக்கா முழுவதும் பரவ, பல இடங்களில் அச்சிட்டுகளின் தொகை பாதியளவாகக் குறைந்தது.

அன்பினால் இட்ட உணவே நோய்க்கு வழியாயிற்று. ஆயினும் அந்நோயின் பாதையைத் தேதி தவறாமல் வரைந்து காட்டியவர்களும் அவ்வாறு உணவிட்டவர்களே. கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் 1994 நவம்பரில் அவர்களிடமிருந்து மாதந்தோறும் குறிப்புகளைத் திரட்டத் தொடங்கியது. இத்தனை தோட்டங்களை நாள்தோறும் கண்காணிக்க எந்த அறிவியலாராலும் இயலாது. தட்டை இரு வாரத்துக்கு ஒரு முறை கழுவி உலர்த்த வேண்டும், நோயுற்ற பறவை தென்பட்டால் தட்டைச் சில நாட்கள் அகற்றிவிட வேண்டும் என்னும் அறிவுரைகள் இன்று அங்கே எங்கும் கூறப்படுகின்றன.

அதே ஆய்வகம் கனடா நாட்டினருடன் சேர்ந்து 1987-ஆம் ஆண்டின் குளிர்காலம் முதல் தீனித் தட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தி வருகிறது. அதன் விதிகள் எளியவை. ஒரே பறவையைப் பலமுறை எண்ணிவிடாதபடி, ஒவ்வோர் இனத்திலும் ஒரே சமயத்தில் கண்ட மிகுதியான எண்ணிக்கையை மட்டும் எழுத வேண்டும். ஒரு பறவையும் வராத நாளையும் விடாமல் குறிக்க வேண்டும். வெறுமையைக் குறித்து வைத்தால்தானே, ஓரினம் குறைந்து வருவதைப் பின்னர் அறிய முடியும்!

நம் தமிழ்நாட்டில் பனி மூடிய குளிர்காலம் இல்லை. சித்திரை, வைகாசி வெயிலில் நம் பறவைகளுக்குப் பெரிதும் வேண்டுவது நீரே. ஆழமில்லாத மண்சட்டியில் நீர் வைத்து, நாள்தோறும் கழுவி மாற்றினால் போதும். தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் நாட்களில் கணக்கெடுப்பு நடத்துகின்றனர். 1998-இல் அமெரிக்காவில் தொடங்கி 2013 முதல் உலகம் முழுவதற்கும் பொதுவாகிய பிப்ரவரி மாதக் கணக்கெடுப்பிலும் இந்தியர் பங்குகொள்கின்றனர். இவற்றில் சேர 15 நிமிடப் பொறுமையும், பறவைகளை இனங்காணும் பழக்கமும் இருந்தால் போதும். மாணவர்கள் இன்றே ஒரு குறிப்பேட்டில் நாளும் நேரமும் இட்டு, காக்கை எத்தனை, மைனா எத்தனை, சிட்டுக்குருவி எத்தனை என எழுதத் தொடங்கலாம். சிட்டுக்குருவி வரவில்லை என்றால், அதனையும் எழுதி வைக்க வேண்டும்.