ஓலைக் கொட்டானில் கூலி எங்கே?



நம் டிரஸ்டுக்கு வட்டியில்லாக் கடன் கேட்டு வரும் விண்ணப்பங்களில் கைத்தொழிலுக்கானவை பல. ஓலைப் பெட்டி, சிப்பிப் பொருள்கள், தையல் என்று எழுதியிருப்பார்கள். ‘மாத லாபம்’ என்ற இடத்தில் உள்ள தொகை எப்படி வந்தது என்று கேட்டால், விற்ற பணத்தில் ஓலைக் காசையும் சாயக் காசையும் கழித்ததாகப் பதில் வரும். முடைந்த கைக்குக் கூலி அதில் இருக்காது.

சாயல்குடி, கடலாடி பக்கம் பனைக்குக் குறைவில்லை. குருத்தோலையில் கொட்டான் முடையும் ஒரு சகோதரியின் கணக்கை எடுத்துக்கொள்வோம். தொகைகள் விளக்கத்துக்காகப் போட்டவை. உங்கள் ஊர் விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு கொட்டான் விலை 120 ரூபாய். ஓலை, சாயம், நூல், வண்டிக்கூலி சேர்த்து 35. முடைய இரண்டு மணி நேரம், அதற்குக் கூலி 50. ஆக ஒரு கொட்டானுக்குச் செலவு 85, மீதம் 35. இவை போக, ஒன்றுகூட விற்காவிட்டாலும் வரும் செலவுகள் உண்டு: ஓலை வைக்கும் அறை வாடகை 1,500, மின்சாரம் 300, ராமநாதபுரம் போய்வரவும் போனுக்கும் 700, கத்தி, ஊசித் தேய்மானம் 300. மாதம் 2,800. இதை 35-ஆல் வகுத்தால் 80. எண்பது கொட்டான் விற்றால் நட்டமும் இல்லை, லாபமும் இல்லை. லாபம் என்பது 81-வது கொட்டானில்தான் தொடங்குகிறது.

மாதம் 60 விற்கிறவர் கூலியைச் சேர்க்காமல் பார்த்தால் 2,300 ரூபாய் லாபம் போலத் தெரியும். ஆனால் அவர் உழைத்தது 120 மணி நேரம். மணிக்கு 19 ரூபாய்தான் கிடைத்திருக்கிறது. நியாயமான கூலியைச் சேர்த்தால் 700 ரூபாய் நட்டம். “வீட்டில் சும்மா இருக்கும் நேரம்தானே” என்று சொல்லும் ஆண்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

அடுத்தது பேரம். ராமேஸ்வரம் கடைக்காரர் 110-க்குக் கேட்கிறார், பத்து ரூபாய்தானே என்று தோன்றும். மீதம் 35 என்பது 25 ஆகிவிடும். 80-க்குப் பதில் 112 விற்க வேண்டும். நூறு ரூபாய்க்கு இறங்கினால் 187. அதை முடைய 374 மணி நேரம், அதாவது மாதம் முழுக்க ஒரு நாளும் ஓயாமல் தினம் பன்னிரண்டரை மணி நேரம் வேண்டும். ஒருவர் கையால் ஆகிற காரியமில்லை. அதற்காகக் குறைத்து விற்கவே கூடாது என்றும் இல்லை. அந்த மாதம் 80 விற்றுவிட்டது, கையில் நேரமும் இருக்கிறது. அப்போது நூறு ரூபாய்க்கு 20 கேட்டால் தாராளமாகக் கொடுக்கலாம். கூலி போக 300 ரூபாய் லாபம்.

மழையையும் கணக்கில் சேருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஓலை சரியாகக் காயாது, பூஞ்சை பிடிக்கும். வேலை நின்றாலும் வாடகை நிற்காது. ஆண்டுக்கு 960 விற்க வேண்டியதை ஒன்பது மாதத்தில் விற்பதானால் மாதம் 107. இரண்டு சகோதரிகள் வாடகையைப் பாதிப் பாதி பகிர்ந்துகொண்டால் மாதத்துக்கு எண்பது என்பது 59-ஆகக் குறையும். எனக்குப் பிடித்த வழி இதுதான்.

விலையை உயர்த்துவது இன்னொரு வழி. பக்கத்துச் செட்டிநாட்டில் மறைந்துகொண்டிருந்த கொட்டான் முடைதலை எம்.ஆர்.எம்.ஆர்.எம். கல்ச்சுரல் பவுண்டேஷன் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து மீட்டது. செட்டிநாடு கொட்டான் இன்று புவிசார் குறியீடு பெற்ற பொருள். பனை ஒன்றுதான், வேலைப்பாடும் வாங்குபவரும் வேறு.

கடைக்குக் கடனாகக் கொடுத்த சரக்கைத் தனியாக எழுதிவையுங்கள். குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதிவைப்பது பற்றியதுதான். பணம் கைக்கு வரும்வரை அதை லாபமாக எண்ணிச் செலவு செய்ய வேண்டாம். நம் டிரஸ்டின் கடன் தவணையும் செலவுக் கணக்கில் வராது, லாபத்திலிருந்தும் கூலியிலிருந்தும் கட்டுவது. ஆகவே எண்பதே விற்கிற சகோதரி தவணை கட்டினால் அது அவர் கூலியிலிருந்துதான் போகும். எவ்வளவு தவணை தாங்கும் என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம்.

இனி விண்ணப்பத்துடன் கடந்த மூன்று மாத வரவுசெலவு நோட்டையும் கொண்டுவாருங்கள். கையெழுத்து எப்படி இருந்தாலும் பரவாயில்லை. நோட்டு இல்லாதவர்கள் அலுவலகத்துக்கு வந்தால் உட்கார்ந்து எழுதித் தருகிறோம்.