ஒரே பாட்டு, வேறு கை! ஃபங்க் கவர் வெர்ஷன்களில் ஜெயித்தது யார்?

"அப்படியே ஒரிஜினல் மாதிரியே இருக்கே!" கவர் வெர்ஷன் பாடுகிறவர்களைப் பாராட்ட வேண்டுமென்றால் நாம் சட்டென்று சொல்வது இதைத்தான். அமெரிக்காவின் ஃபங்க் இசையில் இது அவ்வளவு பெரிய பாராட்டு இல்லை.

1960-களின் நடுவில் ஜேம்ஸ் பிரவுன் வளர்த்தெடுத்த இசை ஃபங்க். நான்கு தட்டுகளில் முதல் தட்டுக்குத்தான் முழு அழுத்தம். மெட்டெல்லாம் அப்புறம்தான். பேஸ் கிடார், டிரம்ஸ், கீபோர்டு என்று ஆளுக்கொரு சின்னத் துண்டை வாசிப்பார்கள். ஒருவர் விட்ட இடைவெளியில் இன்னொருவர் புகுவார். நம்மை ஆட வைப்பது அந்த இடைவெளிதான். அதனால் மெட்டை மட்டும் எடுத்துப் பாடினால் பாதிப் பாட்டு கைநழுவிப் போகும். அச்சு அசலாக நகலெடுத்தாலோ, 'இதுக்கு ஒரிஜினலையே கேட்டுக்கலாமே' என்று தோன்றும். இந்த இரண்டுக்கும் நடுவே வழி கண்டுபிடித்தவர்கள் யார்? நான்கு பாடல்களைப் பார்ப்போம்.

முந்திக்கொண்ட ஒரிஜினல்

1972-ல் 'டாக்கிங் புக்' ஆல்பத்துக்காக ஸ்டீவி வொண்டருடன் வாசிக்க வந்தார் பிரிட்டிஷ் கிடார் கலைஞர் ஜெஃப் பெக். அப்போது உருவான 'சூப்பர்ஸ்டிஷன்' பாட்டு பெக்குக்குத்தான் என்று பேச்சு. ஆனால், வொண்டரின் பதிவு முந்திக்கொண்டு வெளியாகி, 1973 ஜனவரியில் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. பெக், போகர்ட், அப்பீஸ் மூவரும் சேர்ந்து வாசித்த பதிவு வந்தபோது அது கவர் வெர்ஷனாகிவிட்டது!

இரண்டையும் கேட்டால் வித்தியாசம் புரியும். வொண்டரின் கிளாவினெட் கீபோர்டு துள்ளும், நிற்கும், மறுபடி துள்ளும். டிரம்ஸ் வாசித்ததும் அவரேதான். பெக் குழுவில் கிடார் கனமாக இறங்கி, இருந்த இடைவெளிகளை எல்லாம் அடைத்துவிடுகிறது. ராக் பாட்டாகக் கேட்டால் கம்பீரம். ஆனால், கால் தானாக ஆடுவதில்லை.

மறுபிறவி எடுத்த பாட்டு

வொண்டரின் இன்னொரு பாடல் 'ஹையர் கிரவுண்ட்'. 1973-ல் 'இன்னர்விஷன்ஸ்' ஆல்பத்தில் வந்தது. எல்லா வாத்தியங்களையும் அவரே வாசித்தார். வாழ்க்கையில் கிடைக்கும் மறு வாய்ப்பைப் பற்றிய பாட்டு. ஆல்பம் வெளியான சில நாள்களில் கார் விபத்தில் சிக்கி, நினைவிழந்து கிடந்து மீண்டார் வொண்டர்.

1989-ல் இதைக் கையில் எடுத்தது ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ். அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர்களின் கிடார் கலைஞர் ஹில்லல் ஸ்லோவாக் போதைப்பொருளுக்குப் பலியாகியிருந்தார். புது ஆட்களுடன் எழுந்து நிற்க வேண்டிய நேரம். வொண்டர் கீபோர்டில் வாசித்ததை, பேஸ் கிடாரின் தந்திகளைக் கட்டைவிரலால் அறைந்து வாசித்தார் ஃப்ளீ. வாத்தியம் மாறியது, சத்தம் கூடியது. ஆனால், அந்தத் துள்ளல் நடை அப்படியே இருந்தது. இவர்களுடைய 1985 ஆல்பத்தைத் தயாரித்தவர் ஃபங்க்கின் பிதாமகர்களில் ஒருவரான ஜார்ஜ் கிளின்டன். அந்தப் பாடம் வீண்போகவில்லை.

கை தவறியதால் வந்த அழகு

'ஐ ஃபீல் ஃபார் யூ' பாட்டை எழுதி, 1979-ல் மென்மையாகப் பாடியவர் பிரின்ஸ். 1982-ல் பாய்ன்டர் சிஸ்டர்ஸ் பாடினார்கள். ஆனால், இன்று பாட்டின் பெயரைச் சொன்னதும் பலருக்கு நினைவுக்கு வருவது 1984-ல் சாக்கா கான் பாடியது. மெல்லி மெல்லின் ராப், ஸ்டீவி வொண்டரின் ஹார்மோனிகா, எல்லாவற்றுக்கும் மேலே சாக்காவின் குரல். ஆரம்பத்தில் அவர் பெயர் திரும்பத் திரும்ப ஒலிப்பது, தயாரிப்பாளர் ஆரிஃப் மார்டின் கை தவறியதால் வந்தது. நன்றாக இருக்கிறதே என்று அப்படியே விட்டுவிட்டார். பாடியதற்காக சாக்காவுக்கும், எழுதியதற்காக பிரின்ஸுக்கும் கிராமி கிடைத்தது. நல்ல கவர், எழுதியவரையும் சேர்த்தே உயர்த்தும்.

நமக்கும் தெரிந்த மெட்டு

கடைசியாக, ஒரு தலைகீழ்க் கதை. ஹிட்ச்காக்கின் 1956 படத்தில் டோரிஸ் டே பாடியது 'கே செரா செரா'. மறுவருடமே 'ஆரவல்லி' படத்தில் ஏ.எம்.ராஜா, ஜிக்கி குரல்களில் தமிழ் பேசிய அதே மெட்டுதான். 1973-ல் இதை ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன் எடுத்து, தேவாலயப் பாடல்போல மெதுவாக்கியது. ஸ்லை ஸ்டோனின் தங்கை ரோஸ் அடக்கமாகப் பாட, ஸ்லையின் குரல் வெடித்து வருகிறது. அப்போது போதையால் அவர் தடுமாறிக்கொண்டிருந்தார். பேஸ் கலைஞர் லாரி கிரஹாம் விலகியிருந்தார். குழு சிதறிக்கொண்டிருந்தது. 'நடப்பது நடக்கும்' என்பது டோரிஸ் டே குரலில் தாலாட்டு. ஸ்லை குரலில் அது பயம். மெட்டு மாறவில்லை. பாடுகிறவரின் நிலைமை மாறிவிட்டது.

நால்வரில் என் ஓட்டு ஸ்லைக்குத்தான். உங்கள் ஓட்டு யாருக்கு? ஹெட்போன் மாட்டிக்கொண்டு, முதலில் ஒரிஜினல், அடுத்து கவர் என்று ஜோடி ஜோடியாகக் கேளுங்கள். குரலைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, பேஸும் டிரம்ஸும் எங்கே மௌனமாகின்றன என்று கவனித்தால் போதும்.