ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவு



உணவுச் சங்கிலி பற்றி நாம் கற்பித்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, மாணவி ஒருத்தி எழுந்து, "கூண்டில் வளர்கிற மீனின் கழிவு எங்கே போகுது, சேர்?" என்று கேட்டாள். அன்று அரைகுறையாகவே விடை கூறினோம். முழு விடையை இங்கே தருகின்றோம்.

கனடாவின் கடைகளில் நாம் வாங்கும் அத்திலாந்திக் சல்மன் மீன் பெரும்பாலும் கடலில் அமைத்த வலைக்கூண்டுகளில் வளர்க்கப்பட்டதாகும். மீன்கள் உண்ணாது விட்ட தீனியும் மலமும் துகள்களாக அடியிற் படிகின்றன. செவுள் வழியே வெளியேறும் அமோனியா நீரிற் கரைகின்றது. அளவு மிஞ்சினால் கடலடியில் ஒட்சிசன் குன்றி, அங்கு வாழும் உயிர்கள் மடியும். நீரிற் கரைந்த நைதரசன் வேண்டாத பாசிகளைப் பெருக்கும்.

இதற்குரிய வழியை ஆசியாவின் குளங்கள் முன்னரே காட்டியுள்ளன. கட்லா, ரோகு, மிருகால் ஆகிய மூன்று கெண்டை இனங்களையும் ஒரே குளத்தில் வளர்ப்பது தமிழ்நாட்டிலும் வழக்கம். கட்லா மேல்நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களையும், ரோகு இடைநீரில் உள்ள உணவையும், மிருகால் அடியிற் படியும் மக்கிய பொருட்களையும் உண்ணும். ஒன்றின் பங்கை மற்றொன்று பறிப்பது குறைவு. உணவு வீணாவதும் குறைவு.

இத்தத்துவம் கடலுக்கும் பொருந்துமா? 2001ஆம் ஆண்டு தொடக்கம் நியூ பிரன்சுவிக் பல்கலைக்கழகப் பேராசிரியர் தியரி ஷோப்பானும் சக ஆய்வாளர்களும் ஃபண்டி விரிகுடாவில் இதனை ஆராய்ந்தனர். சல்மன் கூண்டுகளின் அருகே கருநீல மட்டிகளையும், கெல்ப் எனும் பெரிய கடற்பாசியையும் வளர்த்தனர். மட்டி நீரை வடித்து நுண்துகள்களை உண்டது. கடற்பாசி கரைந்த நைதரசனையும் பொசுபரசையும் உறிஞ்சியது. கூண்டருகே வளர்ந்த இவ்விரண்டும், தூரத்தில் வளர்ந்தவற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விரைவாக வளர்ந்தன. தீனி இட்டது மீனுக்கு மட்டுமே, அறுவடையோ மூன்று!

குறைகளும் உண்டு. பாரமான துகள்கள் மட்டிக்கு எட்டாது அடியில் விழும். அவற்றை உண்ணக் கடலட்டை போன்ற உயிர்கள் வேண்டும். பெரிய பண்ணையொன்றின் நைதரசன் முழுவதையும் உறிஞ்சுவதற்கு மிகப் பரந்த கடற்பாசித் தோட்டம் தேவை. மீன்களைப் பற்றும் பேனையும் நோயையும் இம்முறை தனித்துத் தீர்க்காது. ஆகவே ஒவ்வோர் இனத்தின் அளவையும் சரியாக வகுப்பதும், மீன்களின் தொகையை மட்டுப்படுத்துவதும் இன்றியமையாதவை.

பெற்றோர்களே, சொந்தக் கடலைப் பிரிந்து வந்தவர்கள் நாம். எம்மை ஏற்றுக்கொண்ட இந்நாட்டின் கடலே எமது பிள்ளைகளுக்கு இனி உணவளிக்கப் போகின்றது. அது பாழாகாதிருத்தல் எமது பொறுப்புமாகும். அடுத்தமுறை மீன்கடைக்குச் செல்லும்போது, அந்த மீன் எங்கே, எவ்வாறு வளர்ந்தது என்று வினவுங்கள். பிள்ளைகளும் அருகில் நின்று கேட்கட்டும்.

மாணவர்களே, அன்று அம்மாணவி கேட்டதுபோல் நீங்களும் கேட்கப் பழகுங்கள். விடை தேடுவதில் நாமும் உங்களோடு இருப்போம்.