முன்னறிவும் 'அவிஜ்ஞாதா' என்னும் திருநாமமும்

'முன்னறிவு' என்னும் சொல் முன் + அறிவு எனப் பிரியும். தனிக்குறிலையடுத்த னகர ஒற்று, உயிர் வர இரட்டித்தது. 'முன்' என்பது இடத்தைக் குறிக்குங்கால் எதிரே உள்ளதையும், காலத்தைக் குறிக்குங்கால் பெரும்பாலும் கழிந்ததையும் உணர்த்தும். ஆயினும் முன்னறிவு கழிந்ததைப் பற்றிய அறிவன்று. நிகழ்ச்சிக்கு முன்னதாகவே பிறக்கும் அறிவு. ஆகவே 'முன்' என்பது அறிவு பிறக்கும் காலத்தைச் சுட்டியதென்க.

வடமொழியில் இதற்கு நேரானது அநாகதஜ்ஞாநம். ஆகதம் வந்தது, அநாகதம் இன்னும் வாராதது. பரிணாமங்கள் மூன்றிலும் ஸம்யமம் செய்யும் யோகிக்குச் சென்றதையும் வாராததையும் பற்றிய அறிவு உண்டாகும் என்று யோகஸூத்ரத்தின் மூன்றாம் பாதத்தில் பதஞ்ஜலி கூறுகிறார். அவ்வறிவு முயற்சியால் வருவது. வருவதற்கு முன் இல்லாதது.

ஆக, இவ்விரு சொற்களும் காலத்துக்கு உட்பட்டு அறிபவனுக்கே பொருந்தும். எம்பெருமானுடைய ஞானமோ வேறு. நாதமுனிகள் ந்யாயதத்த்வத்தின் தொடக்கத்தில், அனைத்தையும் ஒருங்கே, நேரில், எப்போதும், தானாகவே அறிபவன் என்று ஹரியை வணங்குகிறார். 'ஒருங்கே' என்றதால் ஒன்றன்பின் ஒன்றாக அறிதல் விலகிற்று. 'நேரில்' என்றதால் அனுமானம் விலகிற்று. 'எப்போதும்' என்றதால் அறிவு தோன்றி மறைதல் விலகிற்று. 'தானாகவே' என்றதால் யோகியின் முயற்சி விலகிற்று. எனவே அவனிடத்து 'முன்னறிவு' என்பது உபசார வழக்கே. 'ஸர்வஜ்ஞன்' என்பதே முக்கியச் சொல்.

இங்கு ஓர் அச்சம் எழும். செய்த குற்றங்களோடு இனிச் செய்யப்போகும் குற்றங்களையும் ஒருசேரக் காண்பவனை எவ்வாறு சரணமடைவது?

ஸர்வஜ்ஞ: என்று ஓதும் ஸ்ரீவிஷ்ணுஸஹஸ்ரநாமமே அவிஜ்ஞாதா என்றும் ஓதுகிறது. நேர்ப்பொருள் 'அறியாதவன்' என்பது. கர்த்ருத்வம் முதலியவற்றைத் தன்மேல் ஏற்றிக்கொள்ளும் ஜீவன் விஜ்ஞாதா, அவனின் வேறானவன் அவிஜ்ஞாதா என்பது சங்கரர் உரை. ஸ்ரீபராசர பட்டரோ பகவத்குணதர்ப்பணத்தில், அடியார்களின் தோஷங்களை அறியாதவன் என்று உரைத்தருளினார்.

இது ஞானக்குறைவாகுமோ எனின், ஆகாது. அறிய மாட்டாமை குறை. அறிந்தும் பொருட்படுத்தாமை வாத்ஸல்யம் என்னும் குணம். யாவும் அறிந்தவனிடத்தில்தான் இக்குணம் மேன்மை பெறும். குற்றத்தைக் காணாத தாய் பொறுத்தாள் எனப்படாள். கண்டும் காணாதிருப்பவளே பொறுத்தவள். ஆகவே ஸர்வஜ்ஞத்வம் சரணாகதனுக்கு அச்சம் தருவதன்று. பின்னர் வெளிப்பட்டு அவன் மனத்தை மாற்றக்கூடிய குற்றம் ஏதும் மறைந்திருக்கவில்லை என்னும் உறுதியையே அது தருகிறது.