எரியவில்லை என்றும் எழுதலாம்

எட்டாம் வகுப்பில் எலுமிச்சை மின்கலம் செய்தோம். செம்புக் கம்பி, துத்தநாகம் பூசிய ஆணி, மல்டிமீட்டர். ஒரு பழத்தில் 0.9 வோல்ட்; சிவப்பு எல்.இ.டி. எரியவில்லை. ஆனால் பதிவேட்டில் பாதிப் பேர் 'எரிந்தது' என்றே எழுதியிருந்தார்கள். மதிப்பெண் பயம்தான், வேறென்ன?

'காண்பன' பகுதியில் கண்டதை மட்டும் எழுதச் சொன்னேன். காரணம் 'அறிவன' பகுதிக்கு. சிவப்பு எல்.இ.டி.க்கு ஏறத்தாழ 1.8 வோல்ட் தேவை. இரண்டு பழங்களைத் தொடரிணைப்பில் வைத்தபோது மல்டிமீட்டர் அதைக் காட்டியது, எல்.இ.டி.யை இணைத்ததும் அளவு இறங்கிவிட்டது. அகமின்தடையைப் பிள்ளைகள் அங்கேதான் கண்டார்கள். நான்கு பழங்களில் மங்கலாக எரிந்தது. (நீண்ட கால் செம்புப் பக்கம் இருக்க வேண்டும்.)

எரியாத இரண்டு வரிசைகளையும் அட்டவணையில் அழிக்காமல் வைத்திருந்த மாணவிக்கு முழு மதிப்பெண் போட்டேன்.