மகாராஜாவுக்கு வந்த கூட்டாளி

எதிர்ப்பு தாங்காமல் 2001-ல் விலகிப்போன சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், 2024-ல் 25.1 சதவீதப் பங்குடன் ஏர் இந்தியாவுக்குள் நுழைந்தது. இடைப்பட்ட 23 ஆண்டுகளின் செலவைச் சுமந்தவர்களில் கொச்சிப் பயணிகளும் உண்டு.

மட்டாஞ்சேரிக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் தவறாமல் எட்டிப் பார்க்கும் இடம் அரண்மனை. ஊர்க்காரர்கள் அதை டச்சு அரண்மனை என்கிறார்கள். கட்டியவர்களோ போர்ச்சுகீசியர்கள். 1555-ல் கொச்சி ராஜாவுக்கு அவர்கள் கொடுத்த அன்பளிப்பு அது. கோழிக்கோட்டு சாமூதிரியின் தொல்லையிலிருந்து தப்பிக்க, கொச்சி ராஜா கடல் கடந்து வந்த பலசாலியோடு கூட்டுச் சேர்ந்தார். நாடு தப்பியது, அரண்மனையும் கிடைத்தது. ஆனால் மிளகு வியாபாரத்தின் கடிவாளம் கூட்டாளியின் கைக்குப் போனது. 1663-ல் போர்ச்சுகீசியரை விரட்டிவிட்டு டச்சுக்காரர்கள் வந்தார்கள். அரண்மனையைப் பழுதுபார்த்தார்கள், பெயரும் அவர்களுடையதாகிவிட்டது.

பலவீனமான நேரத்தில் பலசாலியோடு கூட்டுச் சேர்ந்தால் என்ன கிடைக்கும், என்ன போகும் என்பது மட்டாஞ்சேரிக்குப் பழைய பாடம். இப்போது அந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டிருப்பது வேறொரு மகாராஜா. தலைப்பாகையும் முறுக்கு மீசையுமாகக் குனிந்து வணக்கம் சொல்லும் ஏர் இந்தியா மகாராஜா.

2024 நவம்பர் 12 அன்று விஸ்தாரா விமான நிறுவனம் ஏர் இந்தியாவுடன் இணைந்தது. விஸ்தாராவில் 49 சதவீதம் வைத்திருந்த சிங்கப்பூர் ஏர்லைன்சுக்கு, இணைந்த நிறுவனத்தில் 25.1 சதவீதப் பங்கு கிடைத்தது. மீதி டாடா குழுமத்திடம். அதற்கு முந்தைய மாதமே, ஒருவர் விமானத்தில் மற்றவர் டிக்கெட் விற்கும் ஏற்பாட்டை இரு நிறுவனங்களும் பெரிய அளவில் விரிவுபடுத்தியிருந்தன. ஒரு காலத்தில் இந்தியப் பயணிகளுக்காக மல்லுக்கட்டிய போட்டியாளர்கள் கூட்டாளிகளாகிவிட்டார்கள்.

நான்கு மாதம் கழித்து, 2025 மார்ச் இறுதியோடு, கொச்சியிலிருந்து லண்டன் காட்விக்குக்குப் போய்வந்த நேரடி விமானத்தை ஏர் இந்தியா நிறுத்தியது. வாரத்துக்கு 3 முறை போய்வந்த விமானம் அது. கேரளத்தையும் ஐரோப்பாவையும் நேரடியாக இணைத்த ஒரே சேவையும் அதுதான்.

கடல் கடந்த உறவு

ஏர் இந்தியா என்ற பெயர் கொச்சிக்காரர்களுக்கு வெறும் டிக்கெட் அல்ல. 1948 ஜூன் மாதம் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனிவா வழியாக லண்டன் போன முதல் வெளிநாட்டு விமானத்தின் பெயரே ‘மலபார் பிரின்சஸ்’. 1953-ல் நிறுவனம் தேசியமயமானது. 1971-ல் ஜம்போ ஜெட் வாங்கியது. அதற்கு அடுத்த ஆண்டுதான் மலேசியாவோடு இருந்த கூட்டு நிறுவனம் பிரிந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என்ற நிறுவனமே பிறந்தது. மூத்தவர் யார், இளையவர் யார் என்பதில் அன்று யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

வளைகுடாவில் எண்ணெய்ப் பணம் பெருகி, கேரளத்து இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகப் புறப்பட்டபோது கொச்சியில் சரியான விமான நிலையம் இல்லை. மட்டாஞ்சேரியிலிருந்து பாலத்தைத் தாண்டினால் வெலிங்டன் தீவு. அங்கே கடற்படைக்குச் சொந்தமான சிறிய ஓடுபாதைதான் ஊருக்கு விமான நிலையம். பெரிய விமானங்கள் அங்கே இறங்க முடியாது. பலர் பெட்டியைக் கட்டிக்கொண்டு பம்பாய்க்கு ரயில் ஏறினார்கள், அல்லது திருவனந்தபுரத்துக்குப் போனார்கள்.

1990 ஆகஸ்டில் சதாம் உசேனின் படைகள் குவைத்துக்குள் புகுந்தன. அங்கே சிக்கிய இந்தியர்களில் கணிசமானவர்கள் மலையாளிகள். ஜோர்டான் தலைநகர் அம்மானிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை இரண்டு மாதத்தில் கொண்டுவந்து சேர்த்தது ஏர் இந்தியா. லாப நஷ்டக் கணக்குப் பார்க்கும் நிறுவனம் செய்யக்கூடிய காரியம் அல்ல அது. ‘நம்ம விமானம்’ என்ற வார்த்தைக்கு அர்த்தம் கிடைத்தது அப்போதுதான்.

அதே வளைகுடாப் பணத்தில்தான் கொச்சிக்குப் புதிய விமான நிலையமும் வந்தது. ஐ.ஏ.எஸ். அதிகாரி வி.ஜே. குரியன் முன்னின்று நடத்திய அந்த முயற்சியில், சுமார் 30 நாடுகளில் இருந்த கிட்டத்தட்ட 10,000 வெளிநாடுவாழ் இந்தியர்கள் பங்கு வாங்கினார்கள். அரசும் பொதுமக்களும் சேர்ந்து கட்டிய நாட்டின் முதல் விமான நிலையம் அது. 1999 மே 25 அன்று குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் திறந்துவைத்தார். ஜூன் 10-ல் நெடும்பாசேரியிலிருந்து தொடங்கிய முதல் வெளிநாட்டு சேவை ஏர் இந்தியாவினுடையது. சவூதியின் தம்மாமுக்குப் போனது அந்த விமானம்.

தவறவிட்ட சம்பந்தம்

நெடும்பாசேரி திறந்த காலத்தில் டெல்லியில் ஏர் இந்தியாவுக்கு மாப்பிள்ளை பார்க்கும் படலம் நடந்துகொண்டிருந்தது. 1990-களில் டாடாவும் சிங்கப்பூர் ஏர்லைன்சும் சேர்ந்து இந்தியாவில் ஒரு உள்நாட்டு விமான நிறுவனம் தொடங்கக் கேட்டன. வெளிநாட்டு விமான நிறுவனங்கள் இங்கே பங்கு வைத்திருக்கக் கூடாது என்று 1997-ல் கொள்கை வகுத்து அந்தக் கதவைச் சாத்தியது அரசு. 2000-ல் வாஜ்பாய் அரசு ஏர் இந்தியாவின் 60 சதவீதப் பங்குகளை விற்க முடிவெடுத்தது. அதில் 40 சதவீதம் நிர்வாகத்தில் உதவும் கூட்டாளிக்கு. கடைசியில் களத்தில் எஞ்சியது டாடா - சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஜோடி மட்டுமே.

தொழிற்சங்கங்களும் அரசியல் கட்சிகளும் எதிர்த்தன. தேசத்தின் கொடியைத் தாங்கும் நிறுவனத்தை அந்நியனிடம் கொடுப்பதா என்று கேட்டார்கள். 2001 செப்டம்பரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விலகிக்கொண்டது. விற்பனை முயற்சி படுத்துவிட்டது.

மானம் காப்பாற்றப்பட்டது. கணக்குப் புத்தகம் காப்பாற்றப்படவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் 68 போயிங் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது ஏர் இந்தியா. இந்தியன் ஏர்லைன்ஸ் தன் பங்குக்கு 43 ஏர்பஸ் விமானங்கள். 2007-ல் இரண்டு நிறுவனங்களும் இணைக்கப்பட்டன. இரண்டு சம்பள முறை, இரண்டு சங்கங்கள், இரண்டு பழக்கவழக்கங்கள் ஒரே கூரையின் கீழ் வந்தன, ஒன்றாகவில்லை. 2012-ல் 30,000 கோடி ரூபாய்க்கு மேல் அரசுப் பணம் தர ஒரு மீட்புத் திட்டம் வகுக்கப்பட்டது.

அதே காலத்தில் வளைகுடா நிறுவனங்களுக்கு இந்தியா கதவை அகலத் திறந்துவிட்டது. துபாய்க்கு மட்டும் வாரத்துக்கு 65,000-க்கும் மேற்பட்ட இருக்கைகளுக்கு அனுமதி. எமிரேட்ஸ், எதிஹாட், கத்தார் ஏர்வேஸ் மூன்றும் கொச்சிக்கு வந்தன. துபாயிலோ தோஹாவிலோ இறங்கி மாறினால் உலகின் எந்த மூலைக்கும் போகலாம். ஏர் இந்தியாவில் போனால் பல ஊர்களுக்கு முதலில் டெல்லி அல்லது மும்பைக்கு வடக்கே பறந்து, பிறகு மேற்கே திரும்ப வேண்டும். மட்டாஞ்சேரிக்காரர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்ல ஜோசியர் தேவையில்லை.

2018-ல் 76 சதவீதப் பங்குகளை விற்க அரசு மறுபடி முயன்றது. ஒருவர்கூட கேட்டு வரவில்லை. 2021 அக்டோபரில் டாடா 18,000 கோடி ரூபாய்க்கு எடுத்துக்கொள்ள முன்வந்தபோது நிறுவனத்தின் கடன் 61,562 கோடி. டாடா ஏற்றது 15,300 கோடிக் கடனை. ரொக்கமாகக் கொடுத்தது 2,700 கோடி. மீதிக் கடன் 46,262 கோடியும் அரசு நிறுவனம் ஒன்றின் தலையில், அதாவது வரி கட்டுகிறவர்களின் தலையில் இறங்கியது. 2022 ஜனவரி 27-ல் கைமாறியது. 2001-ல் கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்ட அதே ஜோடி, 2024-ல் வீட்டுக்குள் வந்துவிட்டது. இந்த முறை அரசுக்குப் பங்கும் இல்லை, பேச்சும் இல்லை.

கொழும்பு சொல்லும் கதை

கூட்டாளியைச் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. கொச்சி, சென்னை, திருச்சி, மதுரை பயணிகளுக்குப் பழக்கமான ஸ்ரீலங்கன் ஏர்லைன்சின் கதை அதற்குச் சாட்சி. ஏர் லங்காவாக இருந்த அதில் 1998-ல் எமிரேட்ஸ் பங்கு வாங்கி, 10 ஆண்டுகளுக்கு நிர்வாகத்தையும் ஏற்றது. 2001 ஜூலையில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் புலிகள் நடத்திய தாக்குதலில் விமானங்கள் எரிந்து நாசமான பிறகும் நிறுவனம் எழுந்து நின்றது. 2007 டிசம்பரில் லண்டனிலிருந்து வரும் விமானத்தில் ஜனாதிபதியின் பரிவாரத்துக்காகப் பயணிகளை இறக்கிவிட நிர்வாகம் மறுத்தது. எமிரேட்ஸ் நியமித்த தலைமை அதிகாரியின் வேலை அனுமதி ரத்தானது. 2008 மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்ததும் எமிரேட்ஸ் நிர்வாகத்தை விட்டு வெளியேறியது. அதற்குப் பிறகு பெரும்பாலான ஆண்டுகளில் நஷ்டம்தான். 2016-ல் பாரிஸ், பிராங்பர்ட் தடங்கள் வெட்டப்பட்டன.

கொழும்பு தன் கூட்டாளியைக் கோபத்தில் இழந்தது. டெல்லி தனக்கு வந்த கூட்டாளியைத் தயக்கத்தில் இழந்தது. இரண்டு இடத்திலும் தேசிய கௌரவம் என்ற பெயரில் எடுத்த முடிவுக்குப் பில் கட்டியவர்கள் அந்த முடிவில் கலந்துகொள்ளாதவர்கள்.

யாருக்காக இந்தத் தடம்?

கொச்சி - லண்டன் விமானம் 2020 ஆகஸ்டில், கொரோனா காலத்து ‘வந்தே பாரத்’ மீட்புப் பயணங்களின்போது தொடங்கியது. பிரிட்டனின் மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் நர்சுகளுக்கும், அங்கே படிக்கும் மாணவர்களுக்கும், பிள்ளைகளைப் பார்க்கப் போகும் வயதான பெற்றோருக்கும் அது வரப்பிரசாதம். நடுவில் இறங்கி, முன்பின் தெரியாத விமான நிலையத்தில் வழி கேட்டு அலைய வேண்டியதில்லை. அந்தச் சேவையைத் தக்கவைக்கத் தரையிறங்கும் கட்டணத்தையே விட்டுக்கொடுத்தது கொச்சி விமான நிலையம். நிறுத்தும் அறிவிப்பு வந்ததும் ஏர் இந்தியாவோடு பேச்சும் நடத்தியது. மார்ச் கடைசியில் விமானம் நின்றதென்னவோ நின்றதுதான்.

நிறுவனத்தின் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பழைய விமானங்களைப் புதுப்பிக்க வேண்டும், புதியவை வந்து சேரத் தாமதம். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் வான்வழி மூடப்பட்டதால் டெல்லியிலிருந்து மேற்கே போகும் விமானங்கள் சுற்றிப் பறக்க வேண்டியதாயிற்று. ஜூன் 12 அன்று ஆமதாபாத்தில் லண்டனுக்குக் கிளம்பிய போயிங் 787 விழுந்து, தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 260 பேர் உயிரிழந்தார்கள். அதன்பின் பெரிய விமானங்களின் வெளிநாட்டு சேவைகளில் 15 சதவீதம் தற்காலிகமாகக் குறைக்கப்பட்டது. செப்டம்பரில் டெல்லி - வாஷிங்டன் சேவையும் நின்றது. ஏர் இந்தியாவின் நஷ்டம் சிங்கப்பூர் கூட்டாளியின் லாபத்தையும் கடித்தது.

இருந்தாலும், விமானங்கள் குறைவாக இருக்கும்போது எந்தத் தடத்தை முதலில் வெட்டுவது என்பதில்தான் நிறுவனத்தின் மனசு தெரியும். லாபக் கணக்கில் டெல்லியும் மும்பையும் மையங்கள், கொச்சி ஓரம். 2005-ல் வளைகுடா மலையாளிகளை நம்பித் தொடங்கிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், 2013 முதல் கொச்சியைத் தலைமையகமாகக் கொண்டிருந்தது. டாடாவிடம் போன பிறகு அதுவும் டெல்லியை ஒட்டிய குருகிராமுக்கு இடம் மாறியது. 2025 குளிர்கால அட்டவணையில் கேரளத்திலிருந்து வளைகுடாவுக்குச் சில சேவைகள் குறைந்தபோது மாநில அரசு மத்திய அரசிடம் ஆட்சேபம் எழுப்பியது. பங்குகளை விற்றுவிட்ட மத்திய அரசால் கோரிக்கை வைக்க முடியும், உத்தரவிட முடியாது.

கொச்சியிலிருந்து வெளிநாடு போக இன்று விமானங்களுக்குப் பஞ்சமில்லை. சிங்கப்பூர் ஏர்லைன்சே அங்கிருந்து பறக்கிறது. ஆஸ்திரேலியாவுக்குப் போகிறவர் டெல்லி போகாமல் சிங்கப்பூரில் மாறிக்கொள்ளலாம். வசதி உள்ளவர்களுக்குக் கூட்டணியால் லாபமே. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஓணத்துக்கும் பெருநாளுக்கும் டிக்கெட் விலை எகிறும்போது ஊருக்கு வரத் தவிக்கும் தொழிலாளி யாரிடம் முறையிடுவார்? வளைகுடாவில் இறந்தவர்களின் உடலைச் சரக்குபோல எடை போட்டுக் கட்டணம் வாங்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. பலமாக எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு, 2019 தொடக்கத்தில் ஏர் இந்தியா அதைக் கைவிட்டு ஒரே கட்டணம் ஆக்கியது. நிறுவனம் அரசின் கையில் இருந்ததால் குரல் கொடுக்க ஒரு முகவரி இருந்தது. 2020 மே 7 இரவு, ஊரடங்கில் உலகமே உறைந்திருந்தபோது, அபுதாபியிலிருந்து சுமார் 180 பேரோடு கொச்சியில் இறங்கிய முதல் மீட்பு விமானமும் ஏர் இந்தியா எக்ஸ்பிரசுடையதுதான்.

அடுத்த நெருக்கடி வரும்போது அரசு விமானம் கேட்டால் தனியார் நிறுவனமும் தரும். ஆனால் அதற்கு ஒரு விலை சொல்லும், அந்த விலையை யாராவது கொடுக்க வேண்டும். 46,262 கோடியைத் தலையில் ஏற்றிக்கொண்ட நாடு, விற்பனைப் பத்திரத்தில் கைநாட்டு வைக்கும்போது, நெருக்கடிக் காலத்துக்கும் ஓரத்து ஊர்களுக்கும் ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம்.

மட்டாஞ்சேரியிலிருந்து நெடும்பாசேரிக்கு 40 கிலோமீட்டர். விடியற்காலை விமானத்தைப் பிடிக்க நள்ளிரவிலேயே டாக்சி புறப்படுகிறது. பெட்டியில் ஊறுகாயும் நேந்திரங்காய் சிப்சும். வால் பகுதியில் எந்த நிறுவனத்தின் சின்னம் வரைந்திருக்கிறது என்பதைப் பற்றி அதில் போகிறவருக்குக் கவலையில்லை. போன இடத்திலிருந்து அவசரத்துக்குத் திரும்பி வர ஒரு விமானம் இருக்குமா, அது தன் சம்பளத்துக்குக் கட்டுமா என்பதுதான் அவர் கேள்வி. அரண்மனையைப் பரிசாக வாங்கிய கொச்சி ராஜாவிடம் மிளகு பயிரிட்டவன் கேட்டிருக்கக்கூடிய கேள்வியும் ஏறக்குறைய இதுவே: கூட்டு சரி, எங்கள் பங்கு எங்கே?