பேஸ் கிட்டாருக்கு எத்தனை வாட்? சபைக் கூடத்தில் ஓர் இயற்பியல் பாடம்



படிவம் 4-இல் அலைகள், படிவம் 5-இல் மின்சாரம். இரண்டையும் படித்துவிட்டு, "இதெல்லாம் எங்கே சார் பயன்படும்?" என்று கேட்கும் மாணவர் எல்லா வகுப்பிலும் இருப்பார். சபை இசைக்குழுவில் வாசிக்கும் மாணவர்களுக்கு இதற்கான பதில் ஞாயிற்றுக்கிழமையே கிடைத்துவிடும். பேஸ் கிட்டாருக்கு ஓர் ஆம்ப் வாங்குவதும் அதைக் கூடத்தில் சரியாக வைப்பதும் இந்த இரண்டு பாடங்களின் செய்முறைதான். காணிக்கைப் பணத்தில் வாங்கும் பொருள் என்பதால் கணக்குப் பார்த்து வாங்குவது நல்லது.

முதலில் ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். "பேஸ் சத்தம் பத்தல" என்றால் பெரும்பாலும் வாட் குறை அல்ல. கூடமும் ஆம்ப் நிற்கும் இடமும்தான் காரணம்.

1. பேஸ் அலை எவ்வளவு நீளம்?

நான்கு கம்பி பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி (ஈ) 41 ஹெர்ட்ஸில் அதிரும். அடுத்தவை 55, 73, 98 ஹெர்ட்ஸ். நம் ஊர் வெப்பத்தில், அதாவது 30 பாகை செல்சியஸில், காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர்.

வேகம் = அதிர்வெண் × அலைநீளம்
அலைநீளம் = 350 ÷ 41 = 8.5 மீட்டர்

கேள்வித் தாளில் 'பஞ்ஜாங் கெலொம்பாங்' என்று வருவது இதுதான். ஒரே ஓர் அலை, ஒரு லாரி நீளம்! ஜார்ஜ் டவுன் அசம்ப்ஷன் ஆலயத்தில் உள்ளது போன்ற குழல் ஆர்கன்களில் கீழ்ச் சுரங்களுக்கு நீண்ட குழல் தேவைப்படுவதும் இதே காரணத்தால்தான். லியோ ஃபெண்டர் 1951-இல் பிரிசிஷன் பேஸ் கிட்டாரையும், மறு ஆண்டு அதற்கென்றே பேஸ்மேன் என்ற ஆம்பையும் கொண்டுவந்தார். கருவி மாறியது, அலையின் நீளம் மாறவில்லை.

2. கூடமும் சேர்ந்து வாசிக்கும்

கெலுகோரில் கடைவீட்டு மாடியில் ஒரு கூடம் என்று வைத்துக்கொள்வோம். நீளம் 20 மீட்டர், அகலம் 7 மீட்டர், உயரம் 3.5 மீட்டர். சுமார் 80 பேர் உட்காரலாம்.

இரண்டு எதிர்ச் சுவர்களுக்கு இடையே அரை அலைநீளம் முழு எண் மடங்காகப் பொருந்தினால் அங்கே ஒத்ததிர்வு, அதாவது 'ரெசோனன்ஸ்', உண்டாகும். 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 350 ÷ 50 = 7 மீட்டர். கூடத்தின் அகலத்தில் அது ஒரு முழு அலையாகப் பொருந்துகிறது. உயரத்தில் சரியாக அரை அலையாகப் பொருந்துகிறது. ஆக, இரண்டு திசையிலும் 50 ஹெர்ட்ஸ் பெருகும்.

இப்போது ஈ கம்பியின் மூன்றாம் கட்டை அழுத்துங்கள். அது ஜி சுரம், 49 ஹெர்ட்ஸ். கிட்டார்காரர்களுக்குப் பிடித்த ஜி சுருதியில் பாட்டு எடுத்தால், அந்த ஒரு சுரம் மட்டும் "கும்" என்று குமுறும். மற்றச் சுரங்கள் சாதாரணமாக இருக்கும். வாசிப்பவர் மேல் குற்றமில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். பக்கச் சுவரோரம் உட்கார்ந்தவருக்கு அந்தச் சுரம் பலமாகக் கேட்கும். அதே சுவரிலிருந்து 1.75 மீட்டர் (கால் அலைநீளம்) தள்ளி இருப்பவருக்குக் குறைந்து கேட்கும். ஒருவர் "பேஸே கேட்கல" என்பார், பக்கத்தில் இருப்பவர் "காதை அடைக்குது" என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. இந்த நிலையில் பெரிய ஆம்ப் வாங்கினால் குமுறலும் சேர்ந்துதான் பெரிதாகும்.

3. வாட் கணக்கு

ஆற்றலை இரண்டு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபல் மட்டுமே கூடும். காதுக்கு "இரண்டு மடங்கு சத்தம்" என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும். அதற்கு ஆற்றல் 10 மடங்காக வேண்டும். 100 வாட் ஆம்பை விற்று 200 வாட் வாங்கினால் வித்தியாசம் கொஞ்சம்தான்.

தேர்வு செய்ய ஒரு பொது வழிகாட்டி:

• கஹோன், கீபோர்டு, சாதா கிட்டார் மட்டும் உள்ள குழுவுக்கு 50 முதல் 100 வாட் காம்போ போதும்.
• முழு டிரம்ஸ் இருந்தால் 200 முதல் 300 வாட் பாருங்கள்.
• கூடத்தின் ஒலியமைப்பில் சப்வூஃபர் இருந்தால், ஆம்பின் டிஐ வழியாக மிக்ஸருக்கு அனுப்பிவிடுங்கள். கூடத்தை நிரப்புவது சப்வூஃபரின் வேலை. வாசிப்பவர் தன்னைக் கேட்கச் சின்ன ஆம்ப் போதும்.
• சாதா எலக்ட்ரிக் கிட்டார் ஆம்பில் பேஸைச் சத்தமாக வாசிக்காதீர்கள். அதன் ஸ்பீக்கர் கீழ்ச் சுரங்களைத் தாங்கும்படி செய்யப்பட்டதல்ல.

4. ஓம் பார்க்காமல் வாங்காதீர்கள்

பெட்டியில் "500 வாட்" என்று பெரிதாக இருக்கும். பக்கத்தில் சின்னதாக "4 ஓம்" என்று இருக்கும். ஆற்றல் = மின்னழுத்தத்தின் வர்க்கம் ÷ தடை. அதே ஆம்பில் 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்றை மட்டும் மாட்டினால் ஏறக்குறைய பாதி ஆற்றல்தான் கிடைக்கும்.

ஆம்பின் பின்னால் உள்ள இரண்டு ஸ்பீக்கர் துளைகளும் பொதுவாகப் பக்க இணைப்பில் இருக்கும். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டை மாட்டினால் மொத்தத் தடை, அதாவது 'ரிந்தாஙான் பெர்க்கெசான்', 4 ஓம். மூன்றாவதையும் சேர்த்தால் 2.67 ஓம். ஆம்பின் குறைந்தபட்ச அளவு 4 ஓம் என்றால், இதில் மின்னோட்டம் மிகுந்து ஆம்ப் சூடாகி நின்றுவிடலாம், கெட்டும் போகலாம். (மாறுதிசை மின்னோட்டத்தில் இதற்கு 'இம்பீடன்ஸ்' என்று பெயர், தேர்வுக் கணக்குக்குத் தடை என்றே கொள்ளலாம்.)

ஆம்பையும் தனி ஸ்பீக்கர் பெட்டியையும் இணைக்க ஸ்பீக்கர் வயரையே பயன்படுத்துங்கள். கிட்டார் வயர் பார்க்க அதே மாதிரி இருந்தாலும் அதன் உள்கம்பி மெல்லியது, சூடாகிவிடும்.

5. எங்கே வைப்பது?

மூலையில் வைத்தால் இரண்டு சுவரும் தரையும் கீழ்ச் சுரத்தைத் திருப்பி அனுப்பி வலுவாக்கும். மேலே சொன்ன கூடத்தில் அது குமுறலைத்தான் கூட்டும். ஆம்பை மூலையிலிருந்து வெளியே இழுத்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒருவரைப் பல இருக்கைகளில் மாறி மாறி உட்காரவைத்துக் கேளுங்கள்.

கீழ்ச் சுரம் எல்லாத் திசையிலும் பரவும். மேல்சுரம் ஸ்பீக்கருக்கு நேரே போகும். ஆம்ப் தரையில் முழங்கால் உயரத்தில் இருந்தால் வாசிப்பவருக்குத் தெளிவு கிடைக்காது. அவர் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவார். ஆம்பைச் சற்று உயர்த்தி அல்லது சாய்த்து அவர் காதை நோக்கி வையுங்கள். சத்தம் தானாகக் குறையும்.

6. ஒலி அமைக்கும் வரிசை

1. எல்லா ஒலிச்சீர் திருகுகளும் நடுவில். மாஸ்டர் பூஜ்யத்தில்.
2. பலமாக வாசித்தபடி கெயினைக் கூட்டுங்கள். சிவப்பு விளக்கு மின்னினால் சற்றுக் குறையுங்கள்.
3. மாஸ்டரை மெல்ல ஏற்றுங்கள். பாடகரின் சொற்கள் கேட்கும் அளவே எல்லை.
4. குமுறினால் 50 ஹெர்ட்ஸ் பக்கம் குறையுங்கள். தெளிவு வேண்டுமென்றால் பேஸ் திருகைத் தொடாமல் நடு அதிர்வெண்ணைக் கூட்டுங்கள்.
5. பாடகர் மைக்குகளில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். பேஸ் அவற்றுக்குள் புகுவது குறையும்.

7. உயிர் சம்பந்தப்பட்டது

"ம்ம்ம்" என்ற இரைச்சல் நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸிலிருந்தும் அதன் மடங்குகளிலிருந்தும் வருவது. அதை நிறுத்த மூன்று முனை பிளக்கின் எர்த் இணைப்பைக் கழற்றுவோர் உண்டு. ஒருபோதும் செய்யாதீர்கள். ஆம்பில் பழுது வந்தால், கம்பியைத் தொட்டபடி மைக்கில் உதடு படும் பிள்ளையின் உடல் வழியாக 230 வோல்ட் பாயலாம். ஆம்பையும் மிக்ஸரையும் ஒரே சாக்கெட் வரிசையில் மாட்டுங்கள். இரைச்சல் நிற்காவிட்டால் டிஐ பெட்டியின் 'கிரவுண்ட் லிஃப்ட்' பொத்தானை அழுத்துங்கள். அது ஒலி வயரின் எர்த்தை மட்டுமே துண்டிக்கும். மின்பாதுகாப்பு அப்படியே இருக்கும்.

காதும் முக்கியம். பணியிடத்தில் 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பது மலேசியாவின் 2019 இரைச்சல் விதி. அளவு 3 டெசிபல் கூடும்போதெல்லாம் கேட்கும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும்: 94 டெசிபலில் ஒரு மணி நேரம்தான். வாராவாரம் ஆம்ப் முன்னால் நிற்கும் இளையோருக்கு இதைச் சொல்லிவையுங்கள். கீழ்ச் சுரம் சுவரையும் எளிதில் கடக்கும். அண்டை வீட்டாரையும் நினைவில் கொள்ளுங்கள்.

பயிற்சி

1. 55 ஹெர்ட்ஸ் சுரத்தின் அலைநீளம் என்ன? (வேகம் 350 மீ/வி)
2. குறைந்தபட்சம் 4 ஓம் கேட்கும் ஆம்பில் 8 ஓம், 4 ஓம் ஸ்பீக்கர்களைப் பக்க இணைப்பில் மாட்டலாமா?
3. 50 வாட் சத்தம் இரண்டு மடங்காகக் கேட்க எத்தனை வாட் வேண்டும்?

விடை: 1) ஏறக்குறைய 6.4 மீட்டர். 2) கூடாது, மொத்தத் தடை 2.67 ஓம். 3) ஏறக்குறைய 500 வாட்.

ஆசிரியர்கள் நான்காவது கேள்வியாக இதைக் கொடுக்கலாம்: உங்கள் பள்ளி மண்டபத்தை அளந்து, எந்தச் சுரம் அங்கே குமுறும் என்று கணக்கிடுங்கள், பிறகு வாசித்துப் பாருங்கள்.